கம்பியில்லா இணைப்புகளை முன்கூட்டியே தகவமைப்பதில் படக்கருவியின் பங்கு: மில்லிமீட்டர் அலை வலையமைப்புகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மில்லிமீட்டர் அலைகளைப் பயன்படுத்தும் கம்பியில்லா வலையமைப்புகள் மிகுந்த தரவு வேகத்தை அளிக்கின்றன. ஆயினும், அனுப்பிக்கும் பெறுவிக்கும் இடையே ஒருவர் நடந்து சென்றாலே அவ்விணைப்பு முறிந்துவிடக்கூடும். இம்முறிவைப் பெறப்படும் ரேடியோ அலையை மட்டும் கொண்டு போதிய கால இடைவெளியுடன் முன்னறிவது கடினம். படக்கருவி காட்டும் காட்சியைக் கொண்டு முறிவை முன்கணித்து, இணைப்பை முன்கூட்டியே மாற்றியமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அம்முறைக்கு அடிப்படையான இயற்பியல் காரணம், கற்றல் நுட்பம், கற்றைத் தேர்வில் அதன் பயன், அதன் வரம்புகள் ஆகியன ஆராயப்படுகின்றன. முன்கணிப்பின் தரத்தைத் துல்லிய விழுக்காட்டால் மட்டும் அளவிடுதல் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பதும், எச்சரிக்கை எவ்வளவு முன்னதாகக் கிடைக்கிறது, பொய் எச்சரிக்கைக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியுள்ளது என்னும் இரண்டுமே உரிய அளவுகோல்கள் என்பதும் எளிய கணக்கீட்டின் வழி நிறுவப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: மில்லிமீட்டர் அலை, மறைப்பு, கற்றை, கைமாற்றம், முன்கணிப்பு, படக்கருவி, இயந்திரக் கற்றல், தனியுரிமை.

முன்னுரை

கம்பியில்லாத் தகவல்தொடர்பு வலையமைப்புகள் நெடுங்காலமாகத் தம் சூழலை ரேடியோ அலையின் வழியாகவே அறிந்து வந்துள்ளன. கைப்பேசி தான் பெறும் அலையின் வலிமையை அளந்து தள நிலையத்திற்கு அறிவிக்கிறது. வலிமை குறைந்தால் தள நிலையம் தரவு வேகத்தைக் குறைக்கிறது அல்லது இணைப்பை வேறு நிலையத்திற்கு மாற்றுகிறது. இங்கு முதலில் பாதிப்பு நேர்கிறது. அளவீடு அதைக் காட்டுகிறது. அதன் பின்னரே நடவடிக்கை தொடங்குகிறது. எனவே இதனை எதிர்வினை முறை எனலாம். அலைவலிமை மெல்ல மெல்லக் குறையும் தாழ்ந்த அதிர்வெண்களில் இம்முறை போதுமானதாக இருந்தது.

மில்லிமீட்டர் அலைகள் பயன்பாட்டுக்கு வந்தபின் இந்நிலை மாறியது. 60 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் வைஃபை தரமான 802.11ஏடி 2012ஆம் ஆண்டு ஏற்கப்பட்டது. ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசித் தரமும் 24 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பட்டைகளைச் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு நடைபெற்ற அலைக்கற்றை ஏலத்தில் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் இடம்பெற்றது. இப்பட்டைகளில் இணைப்பு மெல்லத் தேய்வதில்லை. நொடியின் சிறு பகுதிக்குள் அறுந்துவிடுகிறது. பாதிப்பு நேர்ந்தபின் செயற்படும் முறை இங்கே காலந்தாழ்ந்ததாகிவிடுகிறது.

இச்சிக்கலுக்குத் தீர்வாக முன்வைக்கப்படும் வழிகளுள் ஒன்று, வலையமைப்புக்குக் கண் அளிப்பதாகும். படக்கருவி சூழலைக் காண்கிறது. மறைக்கவிருக்கும் பொருள் நெருங்குவதை உணர்கிறது. மறைப்பு நேரும் முன்னரே வலையமைப்பு தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது. இதன் செயல்முறையையும், இதனை மதிப்பிடத்தக்க அளவுகோல்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைச்சொற்கள் குறித்து

தொடர்வதற்கு முன், கலைச்சொல் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் தேவை. தமிழ் நாளிதழ்களில் 'அலைக்கற்றை' என்னும் சொல் அரசு ஏலம் விடும் அதிர்வெண் தொகுதியைக் குறித்து நிலைபெற்றுவிட்டது. ஆண்டெனாவிலிருந்து ஒரு திசையில் குவிந்து செல்லும் அலையையும் 'கற்றை' என்றே அழைக்க வேண்டியுள்ளது. இவ்விரண்டும் வேறு வேறு கருத்துகள். எனவே இக்கட்டுரையில் அதிர்வெண் தொகுதி 'அலைக்கற்றை' அல்லது 'பட்டை' எனவும், திசையுடன் குவிந்த அலை 'கற்றை' எனவும் வேறுபடுத்தி ஆளப்படுகின்றன. அனுப்பிக்கும் பெறுவிக்கும் இடையிலான நேர்கோட்டுப் பாதை தடைபடுதல் 'மறைப்பு' எனப்படுகிறது. இணைப்பை ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்திற்கு மாற்றுதல் 'கைமாற்றம்' எனப்படுகிறது.

மில்லிமீட்டர் அலையின் இயல்பு

மில்லிமீட்டர் அலை புதிய கண்டுபிடிப்பன்று. 1890களில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் அளவிலான அலைநீளம் வரை உருவாக்கி ஆய்வுகளை நிகழ்த்தினார். இது இன்றைய 60 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு நிகரானது. ஆனால் அவ்வலைகள் பொதுமக்களின் கருவிகளுக்குள் நுழைய ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. அவற்றைச் சிறிய சில்லுகளில் குறைந்த செலவில் உருவாக்கவும், குவிக்கவும், திசைதிருப்பவும் வேண்டிய நுட்பம் பின்னரே கைகூடியது.

குவிப்பு ஏன் தேவைப்படுகிறது? ஒரே பெருக்கத்திறன் கொண்ட ஆண்டெனாக்களைப் பயன்படுத்தும்போது, அதிர்வெண் 10 மடங்கானால் அதே தொலைவில் பெறப்படும் ஆற்றல் 100இல் ஒரு பங்காகக் குறைகிறது. இவ்விழப்பை ஈடுசெய்யப் பல சிறு ஆண்டெனாக்களை வரிசையாக அடுக்கி, அவற்றின் அலைகளை ஒரு திசையில் ஒன்றுகூடச் செய்து, கூர்மையான கற்றையை உருவாக்குகின்றனர். அலைநீளம் சிறிதாக இருப்பதால் இவ்வடுக்கு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது.

இக்கூர்மையே இரு சிக்கல்களைத் தோற்றுவிக்கிறது. முதலாவது, கற்றை எத்திசையில் செல்ல வேண்டும் என்பதை அறிதல். இரண்டாவது, அக்கற்றையை ஒரு பொருள் மறைத்தால் இணைப்பு முற்றாகப் பாதிக்கப்படுதல். மனித உடல் 60 கிகாஹெர்ட்ஸ் அலையை மறிக்கும்போது ஏற்படும் இழப்பு பொதுவாக 20 முதல் 30 டெசிபெல் வரை அமைகிறது. அதாவது, பெறப்படும் ஆற்றல் 100இல் ஒரு பங்காகவோ 1,000இல் ஒரு பங்காகவோ வீழ்கிறது.

மறைப்பு ஏன் திடீரென நேர்கிறது?

ரேடியோ அலை இரு ஆண்டெனாக்களுக்கு இடையே நூல்போன்ற ஒரு கோட்டில் மட்டும் செல்வதில்லை. அக்கோட்டைச் சூழ்ந்த நீள்கோள வடிவப் பகுதி ஒன்றின் வழியாகவே ஆற்றலின் பெரும்பகுதி சென்று சேர்கிறது. இதனை முதல் ஃபிரெனெல் மண்டலம் என்பர். இம்மண்டலத்தின் ஆரம் அலைநீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது.

4 மீட்டர் தொலைவுள்ள ஓர் இணைப்பை எடுத்துக்கொள்வோம். அதன் நடுப்புள்ளியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கான மண்டலத்தின் ஆரம் சுமார் 35 சென்டிமீட்டர். அதே இடத்தில் 60 கிகாஹெர்ட்ஸ் அலைக்கான ஆரம் சுமார் 7 சென்டிமீட்டர் மட்டுமே. முதல் நிலையில் மண்டலத்தின் விட்டம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். ஒருவர் குறுக்கே நின்றாலும் அலையின் ஒரு பகுதி அவர் உடலைக் கடந்து செல்கிறது. உடலின் விளிம்பைச் சுற்றியும் வளைகிறது. இரண்டாம் நிலையில் மண்டலத்தின் விட்டம் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். அதனை ஒருவரின் உடல் முழுமையாக மூடிவிடுகிறது.

இதிலிருந்து இன்னொரு முடிவும் பெறப்படுகிறது. நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் நடந்து வருபவர், 60 கிகாஹெர்ட்ஸ் மண்டலத்தின் விளிம்பைத் தொட்டது முதல் அதன் மையக்கோட்டை அடைவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் சுமார் 50 மில்லிநொடி. 2.4 கிகாஹெர்ட்ஸில் இதே கடப்புக்குச் சுமார் 250 மில்லிநொடி ஆகும். உடல் மண்டலத்தை நெருங்கும் முன்னரே விளிம்பு விளைவால் சிறு ஏற்ற இறக்கங்கள் தோன்றுவதுண்டு. எனினும் அவற்றை இரைச்சலிலிருந்தும் பிற எதிரொளிப்புகளிலிருந்தும் நம்பகமாகப் பிரித்தறிதல் எளிதன்று. ஆக, ரேடியோ அலை தன் அழிவை அறிவிக்கும் காலம், அழிவு நேரும் காலத்தோடு ஏறத்தாழ ஒட்டியே அமைகிறது. மண்டலம் குறுகியதாக இருப்பதே மறைப்பு முழுமையாவதற்கும், அதன் முன்னறிகுறி சுருங்குவதற்கும் ஒரே காரணமாகும்.

படக்கருவி தரும் கால இடைவெளி

படக்கருவிக்கு இத்தகைய கட்டுப்பாடு இல்லை. இணைப்புக் கோட்டிலிருந்து 3 மீட்டர் தொலைவில் ஒருவர் வரும்போதே அவர் படத்தில் தென்படுகிறார். மேற்கூறிய நடைவேகத்தில் அவர் கோட்டை அடைய 2 நொடிக்கும் மேலாகும். ரேடியோ அலை தரும் 50 மில்லிநொடியுடன் ஒப்பிட்டால் இது 40 மடங்கு மிகுதி.

இவ்விடைவெளி போதுமா என்பதை அறிய, செயற்பாட்டுக்குத் தேவையான காலத்தைக் கணக்கிட வேண்டும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கருவியில் அடுத்த படத்திற்கான காத்திருப்பு அதிகபட்சம் 33 மில்லிநொடி. படத்தைக் கணினி ஆய்ந்து முடிவுகாண 20 மில்லிநொடியும், ஆணை பிறப்பித்து இணைப்பை மாற்ற 100 மில்லிநொடியும் ஆவதாகக் கொள்வோம். மொத்தம் 153 மில்லிநொடி. ரேடியோ அலை தரும் 50 மில்லிநொடி இதற்குப் போதாது. படக்கருவி தரும் 2 நொடி தாராளமாகப் போதும்.

அந்த 153 மில்லிநொடியில் நடப்பவர் சுமார் 21 சென்டிமீட்டர் நகர்கிறார். ஆகவே, மண்டலத்தின் ஆரத்தையும் சேர்த்து, அவர் கோட்டிலிருந்து 28 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும்போதேனும் எச்சரிக்கை கிடைத்தாக வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனமாயின் அதே காலத்தில் 2.5 மீட்டர் கடந்துவிடும். எனவே தெருவோர நிலையங்களில் படக்கருவியின் காட்சிப்பரப்பும், கணிப்பின் காலத்தொலைவும் இன்னும் விரிவாக இருத்தல் வேண்டும். எச்சரிக்கை சரியானதாக இருப்பது மட்டும் போதாது. செயற்படுவதற்கு வேண்டிய காலத்தை விட்டுவைப்பதாகவும் இருக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இயந்திரம் கற்கும் முறை

இத்துறையில் முன்னோடியாகக் கருதத்தக்கவை ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தகாயுகி நிஷியோ, கோஜி யமமோட்டோ முதலானோர் மேற்கொண்ட ஆய்வுகள். 2019ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 802.11ஏடி கருவிகளும், ஒவ்வொரு படப்புள்ளியிலும் பொருளின் தொலைவைப் பதிவு செய்யும் ஆழப் படக்கருவியும் பயன்படுத்தப்பட்டன. அடுத்தடுத்த படங்களைக் கொண்டு, எதிர்வரும் 500 மில்லிநொடி வரை பெறப்படும் அலைவலிமையை முன்கணிக்க முடியும் என அவர்கள் காட்டினர். கணிப்பின் வர்க்கச் சராசரி மூலப் பிழை 3.5 டெசிபெல், ஒரு கணிப்புக்கு ஆன நேரம் 3 மில்லிநொடிக்கும் குறைவு. மறைப்பால் நேரும் வீழ்ச்சி 20 டெசிபெல்லோ அதற்கு மேலோ ஆதலால், இப்பிழை மறைப்பை அடையாளங்காணத் தடையாவதில்லை.

இம்முறையில் கவனிக்கத்தக்க கூறு, பயிற்சித் தரவு திரட்டப்படும் விதம். வழக்கமான பட அறிதல் ஆய்வுகளில் 'இது மனிதர்', 'இது வாகனம்' என்று ஒவ்வொரு படத்திற்கும் ஆள்வைத்துக் குறியிட வேண்டும். இங்கே அது தேவையில்லை. ஒரு படம் எடுக்கப்பட்டு 500 மில்லிநொடி கழித்து ரேடியோ கருவி அளந்த வலிமையே அப்படத்திற்கான விடையாகிறது. படக்கருவி வினாவையும் ரேடியோ கருவி விடையையும் தாமாகவே வழங்கிக்கொண்டிருக்கின்றன. வலையமைப்பு இயங்க இயங்கப் பயிற்சித் தரவும் பெருகுகிறது.

மேலும், அமைப்புக்கு மனிதரை மனிதராக அறிய வேண்டிய தேவையும் இல்லை. காட்சியில் எவ்வகை அசைவு, எத்தனை காலத்திற்குப் பின், எவ்வளவு வலுவிழப்பை உண்டாக்குகிறது என்னும் தொடர்பையே அது கற்கிறது. இடமாற்றத்தையும் காலமாற்றத்தையும் ஒருசேரக் கற்கும் நரம்பணு வலைப்பின்னல்கள் இதற்குப் பொருத்தமானவையாக அமைகின்றன. ஒற்றைப் படத்தில் ஒருவர் நிற்கிறாரா நடக்கிறாரா, வருகிறாரா போகிறாரா என்பது தெரியாது. படங்களின் தொடரில்தான் அது புலப்படும்.

கற்றைத் தேர்வில் படக்கருவி

மறைப்பை முன்கணித்தல் ஒரு பயன். கற்றையின் திசையைத் தேர்தல் மற்றொரு பயன். ஐந்தாம் தலைமுறைத் தரத்தில், மில்லிமீட்டர் அலைப் பட்டைகளில் தள நிலையம் 64 வரையிலான திசைகளில் அடையாளக் குறிகையை முறையே அனுப்பி வருடலாம். புதிதாக இணையும் கருவி, இவ்வருடல் 20 மில்லிநொடிக்கு ஒருமுறை நிகழ்வதாகக் கொண்டே தேடலைத் தொடங்குகிறது. கருவி தனக்கு வலிமை மிக்க திசையைக் கண்டு அறிவிக்கிறது. கருவி விரைந்து நகரும்போதும், கற்றை மேலும் கூர்மையாகும்போதும் இவ்வருடலுக்குச் செலவாகும் காலமும் வளமும் பெருகுகின்றன.

நேர்கோட்டுப் பாதை திறந்திருக்கும் இடத்தில், பயனர் எத்திசையில் இருக்கிறாரோ அத்திசையே பெரும்பாலும் சிறந்த கற்றையின் திசையாகும். படத்தில் அவர் இருக்கும் இடம் அத்திசையைக் காட்டிவிடுகிறது. எனவே 64 திசைகளையும் வருடுவதற்கு மாறாக, படம் சுட்டும் ஒருசில திசைகளை மட்டும் சோதித்தால் போதும். ஒரே திசையைக் கண்மூடி நம்பாமல் சிலவற்றைச் சோதித்துத் தேர்வது, படத்தின் விரைவையும் ரேடியோ அளவீட்டின் உறுதியையும் இணைக்கும் வழியாகும்.

இவ்வகை ஆய்வுகளுக்குப் பொதுவான தரவுத் தொகுப்புகளை உருவாக்கியதில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அகமது அல்கதீப் தலைமையில் இயங்கும் ஆய்வகத்திற்கு முதன்மையான பங்குண்டு. அவ்வாய்வகத்தின் 'டீப்சென்ஸ் 6ஜி' தொகுப்பில் உண்மையான தெருச்சூழல்களில் பதிவான படங்கள், ரேடியோ அளவீடுகள், இடங்காட்டித் தரவு, ரேடார், லைடார் பதிவுகள் ஆகியவை ஒரே காலக்கோட்டில் ஒத்திசைக்கப்பட்டுள்ளன. சொந்தமாக மில்லிமீட்டர் அலைக் கருவிகளை வாங்கும் வசதியில்லாத ஆய்வாளர்களும் இத்துறையில் நுழைய இத்தகைய திறந்த தொகுப்புகள் வழிவகுக்கின்றன. நம் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு இது குறிப்பிடத்தக்க வாய்ப்பாகும்.

துல்லியம் என்னும் அளவுகோலின் போதாமை

முன்கணிப்பு ஆய்வுகளின் முடிவுகளைத் துல்லிய விழுக்காட்டில் குறிப்பிடுவது வழக்கம். மறைப்பு போன்ற அரிய நிகழ்வுகளுக்கு இவ்வளவுகோல் பொருந்துமா என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கீட்டால் ஆராய்வோம். இங்குத் தரப்படும் எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவையே.

ஒரு மணி நேரத்தை 100 மில்லிநொடிக் கூறுகளாகப் பிரித்தால் 36,000 கூறுகள் கிடைக்கும். அவற்றுள் 60 கூறுகளில் மறைப்பு தொடங்குகிறது என்க. முன்னறியப்படாத ஒவ்வொரு மறைப்பும் 300 மில்லிநொடித் தொடர்பை இழக்கச் செய்தால், மொத்த இழப்பு 18 நொடி.

இப்போது 'மறைப்பு ஒருபோதும் நேராது' என்று மட்டுமே சொல்லும் ஓர் அமைப்பைக் கருதுவோம். அதன் துல்லியம் 99.83 விழுக்காடு, அதன் பயன் சுழியம். அடுத்து, மறைப்புகளுள் 95 விழுக்காட்டைச் சரியாகக் கண்டறிந்து, மறைப்பில்லாத கூறுகளில் 1 விழுக்காட்டில் மட்டும் தவறாக எச்சரிக்கும் ஓர் அமைப்பைக் கருதுவோம். அதன் துல்லியம் 98.99 விழுக்காடு. பயனற்ற அமைப்பின் துல்லியம் பயனுள்ள அமைப்பின் துல்லியத்தை விஞ்சி நிற்கிறது.

இரண்டாம் அமைப்பும் உண்மையில் பயன் தருகிறதா என்பது அடுத்த வினா. அது 57 மறைப்புகளைச் சரியாக எச்சரிக்கிறது. ஏறத்தாழ 359 முறை பொய்யாக எச்சரிக்கிறது. மொத்தம் 416 எச்சரிக்கைகளில் மெய்யானவை 100க்கு 14 மட்டுமே. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் கைமாற்றம் செய்யப்பட்டு, ஒரு கைமாற்றத்திற்கு 20 மில்லிநொடி இழப்பு நேர்ந்தால், கைமாற்ற இழப்பு 8.3 நொடி. கண்டறியப்படாத 3 மறைப்புகளால் 0.9 நொடி. ஆக மொத்தம் 9.2 நொடி. தொடக்க நிலையில் இருந்த 18 நொடி இழப்பு பாதியாகக் குறைகிறது. ஆனால் ஒரு கைமாற்றத்தின் இழப்பு 50 மில்லிநொடியாக உயர்ந்தால், மொத்த இழப்பு 21.7 நொடியாகிறது. படக்கருவியே இல்லாதிருந்தால் நேர்ந்திருக்கும் இழப்பைக் காட்டிலும் இது மிகுதி. இவ்வெடுத்துக்காட்டில் எல்லைக்கோடு ஏறத்தாழ 41 மில்லிநொடி. அதே அமைப்பு, அதே துல்லியம். ஆயினும் கைமாற்றத்தின் விலையைப் பொறுத்து அது நன்மையாகவோ தீமையாகவோ மாறுகிறது.

பொய் எச்சரிக்கையை 1 விழுக்காட்டிலிருந்து 0.1 விழுக்காடாகக் குறைத்தால், 50 மில்லிநொடி விலையிலும் மொத்த இழப்பு சுமார் 5.6 நொடியாகச் சுருங்குகிறது. ஆகவே கண்டறியும் திறனை மேலும் சில விழுக்காடு உயர்த்துவதைவிடப் பொய் எச்சரிக்கையைக் குறைப்பதே இத்தகைய நிலையில் முதன்மையான பணியாகும்.

இக்கணக்கீடு மற்றொரு வழியையும் சுட்டுகிறது. எல்லா எச்சரிக்கைகளுக்கும் ஒரே எதிர்வினை தேவையில்லை. ஐயம் மிகுந்த எச்சரிக்கைக்கு விலைகுறைந்த நடவடிக்கை போதும். மாற்று இணைப்பைப் பயன்படுத்தாமல் ஆயத்தமாக மட்டும் வைத்திருத்தல், காணொளியின் அடுத்த பகுதியை முன்னதாகவே இறக்கி வைத்தல் ஆகியவை இத்தகையன. உறுதி மிகுந்த எச்சரிக்கைக்கு மட்டும் கைமாற்றம் நிகழலாம். எந்நிலையில் எந்நடவடிக்கை என்பதைப் பட்டறிவால் இயந்திரமே கற்கும்படி செய்யும் ஆய்வுகளும் நிகழ்த்தப்பட்டுள்ளன.

மதிப்பீட்டில் இன்னொரு கவனமும் தேவை. நொடிக்கு 30 படங்கள் எடுக்கப்படும்போது அடுத்தடுத்த படங்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைக் கலைத்துப்போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால், சோதனைப் படத்தின் இரட்டையை இயந்திரம் பயிற்சியிலேயே கண்டிருக்கும். இதனால் கிடைக்கும் உயர்ந்த மதிப்பெண் கற்றலின் விளைவன்று, நினைவின் விளைவு. வேறு நாளிலோ வேறு இடத்திலோ எடுத்த தொடர்களைச் சோதனைக்கு ஒதுக்குவதே முறையாகும்.

ஒளியும் ரேடியோ அலையும் காணும் உலகங்கள்

படக்கருவியின் வரம்புகள் அதன் இயல்பிலிருந்தே எழுகின்றன. அது ஒளியால் காண்கிறது. வலையமைப்போ ரேடியோ அலையால் இயங்குகிறது. இவ்விரண்டுக்கும் ஒரே பொருள் ஒரே வகையான தடையாக அமைவதில்லை. மெல்லிய திரைச்சீலை ஒளியை மறைக்கும். மில்லிமீட்டர் அலை அதனைப் பெரிதும் கடந்து செல்லும். வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி ஒளிக்கு வழிவிடும். மில்லிமீட்டர் அலையை வலுவாகத் தடுக்கும். எனவே 'படத்தில் மறைந்தால் அலையும் மறையும்' என்னும் எளிய விதி பிழைபடும். ரேடியோ அளவீட்டையே விடையாகக் கொண்டு கற்கும் முறை, தான் பழகிய இடத்தில் இவ்வேறுபாட்டையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. புதிய இடத்தில் அக்கல்வி செல்லாமற் போகலாம்.

இரவின் இருள், மூடுபனி, கடும் மழை, எதிர்வெயில் ஆகியன படத்தின் தரத்தைக் குறைக்கின்றன. சுவரின் மூலையில் திரும்பி வருபவரைப் படக்கருவி கடைசி நொடியில்தான் காணும். கூட்டத்தில் இருபது பேர் நிற்கையில், இணைப்பில் உள்ள கைப்பேசி யாருடையது என்பதைப் படம் மட்டும் சொல்லிவிடாது. ரேடியோ அளவீடுகளின் மாற்றத்தையும் படத்தின் அசைவுகளையும் ஒப்பிட்டே அதனை ஊகிக்க வேண்டும். இக்காரணங்களால் படக்கருவியை ரேடியோ அளவீட்டுக்கு மாற்றாகக் கொள்ளாமல் துணையாகக் கொள்வதே தக்கது.

தனியுரிமை

தள நிலையம் ஒவ்வொன்றிலும் படக்கருவி பொருத்தப்படுமாயின், தகவல்தொடர்பு வலையமைப்பு கண்காணிப்பு வலையமைப்பாகவும் மாறும் வாய்ப்பு உருவாகிறது. மறைப்பைக் கணிக்க எடுத்த படம், யார் எப்போது எங்கு நின்றார் என்பதற்கான பதிவாகவும் ஆகிவிடும். இந்தியாவில் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ள சூழலில், இவ்வினாவை ஆய்வாளர்கள் தொழில்நுட்பத்திற்குப் புறம்பானதாகக் கருத இயலாது.

நுட்பத்திற்குள்ளேயே சில விடைகள் உண்டு. ஆழப் படக்கருவி முகத்தின் நிறத்தையோ தோற்றத்தையோ பதிவு செய்யாமல் உருவின் தொலைவை மட்டும் பதிவு செய்கிறது. நரம்பணு வலைப்பின்னலை இரு கூறாகப் பிரித்து, முதற்கூறைப் படக்கருவியிலேயே இயக்கி, சுருக்கப்பட்ட முடிவை மட்டும் அனுப்புவது மற்றொரு வழி. யூசுகே கோடா முதலானோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழியை அதன் எல்லை வரை கொண்டுசென்றது. அதில் படத்தின் சாரம் ஒரே ஒரு படப்புள்ளி அளவுக்குச் சுருக்கப்பட்டு, ரேடியோ அளவீடுகளுடன் இணைக்கப்பட்டது. இதனால் அனுப்ப வேண்டிய தரவும் குறைகிறது. அதிலிருந்து மூலப்படத்தை மீட்பதும் கடினமாகிறது. அலைவலிமையைக் கணிக்க ஒருவரின் முகம் தேவையில்லை என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது. எனினும், மூலப்படம் கருவியிலேயே அழிக்கப்படுகிறது என்பதை உறுதிசெய்யும் பொறுப்பு நுட்பத்தோடு முடிவதில்லை. அது நிறுவன நடைமுறையையும் சட்டக் கண்காணிப்பையும் வேண்டுவதாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின் வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. மில்லிமீட்டர் அலையின் முதல் ஃபிரெனெல் மண்டலம் குறுகியதாக இருப்பதால் மறைப்பு முழுமையாகவும் திடீரெனவும் நேர்கிறது. அதே காரணத்தால் ரேடியோ அலை தரும் முன்னறிகுறியும் செயற்படப் போதாத அளவுக்குச் சுருங்குகிறது.

2. படக்கருவி அலைவலிமையை அளப்பதில்லை. அதனை மாற்றவிருக்கும் பொருளின் இயக்கத்தைக் காண்கிறது. அதன் முதன்மைப் பயன், செயற்படுவதற்கு வேண்டிய காலத்தை ஈட்டித் தருவதாகும்.

3. மறைப்பு அரிய நிகழ்வாதலால் துல்லிய விழுக்காடு தக்க அளவுகோலாகாது. எச்சரிக்கையின் காலத்தொலைவு, பொய் எச்சரிக்கை வீதம், ஒரு கைமாற்றத்தின் விலை ஆகிய மூன்றையும் சேர்த்துக் குறிப்பிடும் ஆய்வே ஒப்பீட்டுக்குத் தகுதியுடையது.

4. ஒளியும் ரேடியோ அலையும் பொருள்களை வெவ்வேறு விதமாகக் கடப்பதால், படக்கருவி ரேடியோ அளவீட்டுக்குத் துணையாகவே அமைய முடியும்.

5. படத்தின் சாரத்தை மட்டும் பயன்படுத்தும் வழிகள் இருப்பதால், வலையமைப்பின் திறனுக்காகத் தனியுரிமையை விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

திறந்த தரவுத் தொகுப்புகளில் நம் நாட்டுத் தெருக்களின் நெருக்கம், கலந்த போக்குவரத்து, பருவமழை ஆகிய சூழல்களும் இடம்பெறுவது இனி வரும் ஆய்வுகளுக்குரிய பணியாகும். ஓரிடத்தில் கற்ற இயந்திரம் வேறிடத்தில் எவ்வளவு நேரத்திற்கு முன் எச்சரிக்கிறது, எத்தனை முறை வீணாக எச்சரிக்கிறது என்பதை அளந்து பார்த்த பின்னரே இம்முறை நம் வலையமைப்புகளுக்கு உகந்ததா என முடிவுசெய்ய இயலும்.